காதுகுத்தில் வெளியான ஆல்பம்

என் முதல் எலக்ட்ரானிக் ஆல்பம் வெளியான அதே வெள்ளிக்கிழமைதான் அக்கா மகளுக்குக் காதுகுத்து. கீழ்புத்துப்பட்டு கோயிலில் மொட்டை போட்டுவிட்டு, மரக்காணத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல். ஆல்பம் போடுகிற மற்றவர்கள் அன்று எங்கே இருப்பார்களோ தெரியாது. தாய்மாமனான நான் பட்டு வேட்டியோடு, சந்தனம் பூசிய மொட்டையை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தேன்.

உப்பளத்தில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. மழைக்காலத்தில் அங்கே ஈ ஓட்ட வேண்டியதுதான். பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சத்தத்தைக் கோடையிலேயே போனில் பிடித்து வைத்து, அந்த நாட்களில் லேப்டாப்பில் நீட்டி, நறுக்கிச் செய்த ஆல்பம் அது.

மைக் செட் போட வந்தவன் என்னோடு படித்தவன். காலையிலேயே அவனிடம் பென் டிரைவைக் கொடுத்திருந்தேன்.

"சாமிப் பாட்டு முடிஞ்சதும் இதப் போடுடா."

"நம்ம ஆல்பம்டா, ஃபுல் சவுண்டு!"

சொன்னபடியே செய்தான். ஆசாரி முதல் காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. கூடவே ஸ்பீக்கரில் என் மோட்டார் கிளம்பியது.

சமையல் பக்கம் நின்ற அப்பா கத்தினார். "எவன்டா மோட்டார போட்டுட்டு மறந்தவன்? டேங்க் வழியப் போவுது!"

ஓடிப்போய் சுவிட்சைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. சத்தம் நிற்கவில்லை. சுவிட்ச் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து மெயின் ஃபியூஸையே பிடுங்கினார். ஃபேன், சட்னி அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர், என் ஆல்பம் எல்லாம் ஒன்றாக நின்றன.

"நின்னுச்சி பாத்தியா!" என்றார் அப்பா, வெற்றியோடு.

மைக் செட்காரன் போய் ஃபியூஸை மாட்டினான். ஆல்பம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அப்பா மறுபடி ஓடினார். எழுந்திருக்க முடியாமல் மணையிலிருந்தே கத்தினேன்.

"யப்பா, அது மோட்டார் இல்ல! என் பாட்டு!"

பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இதுக்கா மழ பூரா கதவ சாத்திக்கினு கெடந்த?" என்றார் அப்பா.

முன்வரிசையில் இருந்த சித்தி சமாதானமாகக் கேட்டாள். "பாடுறவங்க எப்ப வருவாங்க?"

"யாரும் வர மாட்டாங்க சித்தி. இது அப்படியேதான்."

"பாவம். யாருமே ஒத்துக்கலையா?"

அப்போதுதான் கவனித்தேன். மடியில் அழுகை நின்றிருந்தது. குழந்தை வாயைப் பிளந்துகொண்டு ஸ்பீக்கரையே பார்த்தது. "அதையே ஓட விடுங்க" என்று சொல்லிவிட்டு ஆசாரி இரண்டாவது காதையும் முடித்தார். ஒரு சிணுங்கல்தான்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள்.

"டேய், உன் பாட்டப் போட்டாத்தான் பாப்பா தூங்குது. நடுவுல டுப்பு டுப்புன்னு ஒண்ணு வருதே, அதுல மட்டும் முழிச்சிக்குது. அத எடுத்துட்டு அனுப்பு."

மழைக்காலத்தில் பாதி அந்த டுப்பு டுப்புக்குத்தான் போயிருந்தது. ஆல்பத்திலேயே நான் பெருமைப்பட்ட இடம் அது ஒன்றுதான். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டு அனுப்பினேன்.