ஊர் மாப்பிள்ளைகளின் வாட்ச்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் கம்பெனிக்கு டைம்கீப்பராக இருந்த துரைக்கண்ணு அண்ணன் மேல் எனக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு. முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. வண்டியை ஒரு நிமிஷம் தாமதமாக எடுத்தால் கண்டக்டரான என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஆனால் யாராவது எதிரே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் போதும், ஆள் உருகிவிடுவார்.

அவரிடம் ஒரு சுவிஸ் வாட்ச் இருந்தது. தங்கச் செயின். சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிய தாய்மாமன் 1955-ல் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது. மாமனுக்குப் பீமன் உடம்பு. அண்ணனுக்கோ முருங்கைக்காய் கை. மாட்டினால் வாட்ச் முழங்கை வரைக்கும் ஓடியது. விழுப்புரத்தில் ஒரு வாட்ச் கடையில் கேட்டதற்கு, ஒரு வாரம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு வாரம் பிரிந்திருக்க மனசு வராமல், செயினைக் குறைக்க அண்ணன் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செயினின் கண்ணிகளை மெல்லிய பின்கள் பிடித்துக்கொண்டிருக்கும். முனை மழுங்கிய ஊசியை வைத்து லேசாகத் தட்டினால் பின் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அண்ணன் முதல் தடவை நாலு கண்ணியையும் ஒரே பக்கத்தில் எடுத்துவிட்டார். கொக்கி மணிக்கட்டின் ஓரத்துக்கு வந்து குத்தியது. திரும்பவும் பிரித்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று எடுத்த பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தது.

"செயினுக்கும் கைக்கும் நடுவுல சுண்டுவிரல் நொழையணும் தம்பி. இல்லன்னா வேர்வைக்குக் கடிக்கும்" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார். தங்க வாட்சுக்கு நான் எங்கே போவேன்?

ஒரு வாரம் பிரிய மாட்டேன் என்ற மனுஷன், அடுத்த தை மாதமே அதை ஒரு கிளீனரின் கல்யாணத்துக்குக் கழற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான், ஊருக்கே தெரிந்துபோயிற்று. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் மாப்பிள்ளை வந்து நிற்பான். அண்ணன் அவன் மணிக்கட்டில் நூலைச் சுற்றி அளவெடுப்பார். மூட்டை தூக்குகிறவன் என்றால் கண்ணி சேர்ப்பார், குமாஸ்தா என்றால் குறைப்பார். எடுத்த கண்ணிகளெல்லாம் முகத்துக்குப் பூசும் ஸ்நோவின் காலி டப்பா ஒன்றில் இருக்கும். 1958-ல் நானும் போட்டுக்கொண்டேன். என் கல்யாணப் போட்டோவில் முகம் சரியாக விழவில்லை, வாட்ச் பளிச்சென்று விழுந்திருக்கிறது. என் பெண்டாட்டி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்து நிமிர்ந்தபோது அண்ணனுக்கு முப்பத்தாறு வயது. நான்தான் பெண் பார்த்தேன். முண்டியம்பாக்கம் என் தாய் பிறந்த ஊர். அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விருத்தாசலம் எனக்கு ஊர் முறைக்கு மாமா. அவர் மகள் தையல்நாயகி. ஜாதகத்தால் தள்ளிப்போய் இருபத்தெட்டு வயது ஆகியிருந்தது.

பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். மாமா அந்தக் கையையே பார்த்தார்.

"சக்கரபாணி, இந்த வாட்ச நான் நாலு கையில பாத்திருக்கேன். உன் கையிலயும் பாத்தேன். இரவல் வாட்ச மாட்டிக்கினு பொண்ணு பாக்க வந்துட்டாரா உங்காளு?"

அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். வாட்ச் அவருடையதுதான், எங்களுக்குத்தான் இரவல் கொடுத்தார் என்று நான் தலைகீழாக நின்று சொன்னேன்.

"தங்க வாட்ச எவன்யா ஊருக்கெல்லாம் இரவல் குடுப்பான்?" என்றார் மாமா. நியாயமான கேள்விதான். நானும் அதைத்தான் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமா ஒரு நிபந்தனை போட்டார். "சொந்த வாட்சுன்னா, தாலி கட்டறப்போ இதே வாட்ச் மாப்பிள கையில இருக்கணும். இல்லன்னா என் பொண்ணு எழுந்து உள்ள போய்டுவா." நான் முந்திக்கொண்டு சரி என்றேன்.

திரும்பும்போது வண்டியில் அண்ணன், "எனக்கு அந்தப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்குடா" என்றார். அவர் தனக்கென்று ஒன்றை விரும்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தேதி குறித்தார்கள். குறித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அதே நாளில், பஸ் ஸ்டாண்ட் பெருக்குகிற முனியம்மாளின் மகன் வெங்கடாசலத்துக்கு மயிலத்தில் கல்யாணம். வாட்சை அவனுக்குத் தருவதாக அண்ணன் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார்.

"அண்ணே, அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். இது உன் கல்யாணம்" என்றேன்.

"அந்தம்மா தங்க வாட்சுன்னு பொண்ணு வீட்ல சொல்லிடுச்சாம்டா. இப்ப இல்லன்னா அவனுக்கு அசிங்கமாப் பூடும். அவனுக்கு ஆறு மணி முகூர்த்தம், எனக்கு ஒம்போதுலருந்து பத்தரை. நீ ஜல்தியா எடுத்துக்கினு வந்துடு."

வெங்கடாசலம் கல் உடைக்கிறவன். அவன் கைக்கு டப்பாவிலிருந்த அத்தனை கண்ணியும் தேவைப்பட்டது.

மயிலத்தில் தாலி கட்டியாயிற்று, போட்டோக்காரர் வரவில்லை. வாட்சுக்காகவே போட்டோ, போட்டோவுக்காகவே வாட்ச். முனியம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிக் கழற்றச் சொல்வேன்? ஒரு வழியாக வாங்கிக்கொண்டு கூட்டேரிப்பட்டுக்கு ஓடிவந்து வண்டி பிடித்து, முண்டியம்பாக்கம் பந்தலில் நுழைந்தபோது மணி பத்தே கால். மாமா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணன் வெறும் கையோடு மணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தையல்நாயகி தலை குனிந்திருந்தாள்.

வாட்சை மாட்டினேன். அண்ணன் தாலியை வாங்கக் கையைத் தூக்கினார். வாட்ச் வழுக்கிக்கொண்டு முழங்கைக்குப் போயிற்று. பந்தலே சிரித்தது.

"பாத்தீங்களா! கைக்கே சேரல. எவனோ தடியன் வாட்சு" என்று மாமா கத்தினார். "தையலு, எழுந்திரு!"

அண்ணன் நிமிர்ந்து, "ஒரு ஊசி குடுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. தையல்நாயகிதான் தன் மாலையைச் சேலையோடு குத்தியிருந்த குண்டூசியை உருவிக் கொடுத்தாள். அண்ணன் மணைப்பலகையின் மேல் செயினை வைத்து, தேங்காய் உடைக்க வைத்திருந்த கல்லால் தட்டினார். பின் வெளியே வந்தது. இந்தப் பக்கம் ஒரு கண்ணி, அந்தப் பக்கம் ஒரு கண்ணி. அவள் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"யாருக்கு இவ்ளோ பெருசா வச்சிருந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"முனியம்மா மவனுக்கு. கல்லு ஒடைக்கிற பையன். காலையில மயிலத்துல தாலி கட்டினான்."

"இன்னைக்கா?"

"சொல்லிட்டேன். எப்படி இல்லன்றது?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. மாமா அண்ணனையும், கழன்று கிடந்த செயினையும், மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, வாட்சையும் மகள் கையிலிருந்த கண்ணிகளையும் வாங்கி இடது கைக்குள் மூடிக்கொண்டார்.

"நேரமாவுது. கட்டுங்க மாப்பிள" என்றார்.

அண்ணன் வெறும் கையோடுதான் தாலி கட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அட்சதை போட்டு, ஆரத்தி எடுத்து, பந்தி ஆரம்பித்தும் மாமா இடது கையைத் திறக்கவே இல்லை. இலை முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"குடுங்க மாமா, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றேன்.

"சும்மா இருடா. ஒரு கண்ணி கொறஞ்சாலும் அடுத்த மாப்பிள கைக்குப் பத்தாது" என்றார்.