அம்மாவுக்குப் பதிலாக நான் சொன்ன பதில்கள்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த சமயம், இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா ஒரேயொரு முறை சாவியை எங்கோ வைத்துவிட்டு மறந்தார். மறுநாளே வேன் பிடித்து ஹட்டன் டவுன் டாக்டரிடம் கொண்டுபோனோம். அம்மாவோ வாரத்தில் மூன்று நாள் சோற்றைத் தீயவிட்டார். "பொம்பளைங்களுக்கு மாசத் தீட்டு நின்னா புத்தி இப்படித்தான் தடுமாறும்" என்று அப்பா சொல்ல, நானும் சிரித்தேன்.

பிறகு அம்மாவைத் தோட்ட டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெண்களுக்காக ஆண்கள்தான் பேசுவார்கள். அதற்கு மரியாதை என்று பெயர்.

"இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்றார் டிஸ்பென்சர்.

"செவ்வாய்ங்க" என்றேன் நான்.

"எத்தனை புள்ளைங்க?"

"நாலுங்க."

எல்லாவற்றுக்கும் நானே பதில். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

மறுவாரம் அம்மாவைக் காணோம். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து நின்று வருஷக்கணக்காகியும் கூடையை மாட்டிக்கொண்டு போயிருந்தார். காடாகிப்போன பழைய தேயிலை மலையில், செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில், கால் நிறைய அட்டையோடு புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அன்றே ஹட்டனுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கோபப்பட்டார். "தீட்டு நிக்கிற காலத்து மறதி பெரும்பாலும் தானா சரியாகிடும். இது கூடிக்கிட்டே வந்திருக்கு. வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

அதன்பிறகு டாக்டர் முன்னால் நான் வாயைத் திறந்ததே இல்லை. நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள், "கூட வந்திருக்கிறது யாரும்மா?" என்று கேட்டார். அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"தெரிஞ்ச புள்ள மாதிரி இருக்குங்க" என்றார் அம்மா.