உடனடிக் காரணம்

அந்த நோட்டைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது எண்ணெய் வாசம்தான். சமையலுக்கோ தலைக்கோ ஆகிற எண்ணெய் அல்ல, மெஷினுக்கு ஊற்றுவது, கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொஞ்சம் துருவும் கலந்தது போல மூக்கை அரிக்கும். பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த இசக்கிமுத்துவின் அப்பா, தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வேண்டாமென்று எறிகிற "ஜாப் கார்டு"களைப் பொறுக்கி வந்து, காலியாக இருக்கும் பின்பக்கங்கள் மேலே வரும்படி அடுக்கி, சணலால் தைத்து மகனுக்கு நோட்டாக்கிக் கொடுப்பார். ஒரு பக்கத்தில் எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்ற விவரம் இருக்கும். மறுபக்கத்தில் இசக்கி எழுதிய உலக வரலாறு இருக்கும். அட்டையில் "உலக வரலாறு, வழி: ஓசூர்" என்று பஸ் பலகை மாதிரி எழுதி வைத்திருந்தான்.

நான் கெலமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஓசூர்ப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தவன். வீட்டில் தெலுங்கு, தெருவில் பாதி கன்னடம், தமிழ் எனக்குப் பாடப்புத்தகத்தில் கிடைத்தது. அதனால் என் தமிழ் பிழையில்லாமல், கஞ்சி போட்ட சட்டை போல விறைப்பாக இருக்கும். இசக்கியின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தது. அவன் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். "வருதான், போறான்னு ரெண்டு ஊருத் தமிழையும் கலந்து அடிக்கேன், சிரிக்கியளே, இவன் பேசுதது மட்டும் ரேடியோ செய்தி மாதிரி இருக்கே, அதுக்குச் சிரிக்க மாட்டியளா" என்று என்னைக் காட்டுவான், உடனே என்னைப் பார்த்தும் சிரிப்பார்கள். கேலிக்கு ஆளான இரண்டு பேரை ஒரே பெஞ்சில் போட்டால் அவர்கள் நண்பர்களாவதைத் தவிர வேறு வழியில்லை.

உலக வரலாற்றில் வருகிறவர்களின் பெயர்களை அவன் எழுதுவதில்லை; பெயர் எழுதினால்தானே எழுத்துப்பிழை வரும் என்பான். இந்தியாவைத் தேடிக் கிளம்பி அமெரிக்காவில் இறங்கிய மாலுமியைப் பற்றி, கிருஷ்ணகிரி போகவேண்டியவர் எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறி அத்திப்பள்ளியில் இறங்கிவிட்டார் என்றும், அங்கிருந்தவர்கள் கன்னடத்தில் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் சாகும்வரை அதைக் கிருஷ்ணகிரி என்றே சாதித்தார் என்றும் எழுதியிருந்தான். ருஷ்யாவுக்குப் படை நடத்திப்போன பிரெஞ்சுப் பேரரசர், ஸ்வெட்டர் இல்லாமல் மார்கழியில் தளிக்குப் போனவர். தொழிற்புரட்சி முதலில் இங்கிலாந்துக்கு வந்தது, பிறகு கம்பெனி அவன் அப்பாவுக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டுக்குப் பின்னால் வந்தது, இரண்டு இடத்திலும் கக்கூஸ் கடைசியாகத்தான் வந்தது. பிரெஞ்சு மன்னர் லீவு லெட்டர் கொடுக்காமல் ஊரைவிட்டுப் போகப் பார்த்து வாட்ச்மேனிடம் "கேட்டில்" பிடிபட்டார். அவர் தலையை வெட்டிய இயந்திரத்தைப் படமாகவே போட்டு, கீழே, "இதுவும் பவர் பிரஸ்தான். கரண்டும் கிடையாது, கார்டும் கிடையாது" என்று எழுதியிருந்தான். பவர் பிரஸ் என்பது இரும்புத் தகட்டை ஒரே அடியில் மூடியாகவோ தட்டாகவோ ஆக்கும் மெஷின். காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கும். கை உள்ளே போகாமல் மறிக்கும் கம்பித் தடுப்புக்குக் "கார்டு" என்று பெயர். அவன் அப்பா அதில்தான் வேலை பார்த்தார். படத்தைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நினைவில்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் சரித்திர வாத்தியார் நல்ல மனிதர், ஆனால் உலகத்தில் நடந்தது எல்லாவற்றையும் மூன்று தலைப்பில் அடக்கிவிடலாம் என்று நம்பியவர். "காரணம், நிகழ்ச்சி, விளைவு. இந்த மூணும் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்பார். காரணத்தில் இரண்டு வகை உண்டு. நெடுநாளைய காரணங்கள் பத்தியாக எழுதப்பட வேண்டும். உடனடிக் காரணம் தனித் தலைப்பில், ஒரே வாக்கியமாக எழுதப்பட்டு, அடியில் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போடப்பட வேண்டும். "பேப்பர் திருத்தறவனுக்கு எல்லாத்தையும் படிக்க ஏதுப்பா நேரம்? கோடு போட்டதைத்தான் பார்ப்பான்." இந்த வாக்கியத்தை அவர் வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டோம். யாராவது அடி வாங்கினால் "உடனடிக் காரணம் என்ன?" என்று கேட்போம், தாமதமாக வந்தவன் "நெடுநாளைய காரணம் எங்கப்பா, உடனடிக் காரணம் டவுன் பஸ்" என்பான்.

அரையாண்டுத் தேர்வில் முதல் உலகப் போரின் உடனடிக் காரணத்தைக் கேட்டிருந்தார்கள். ஆஸ்திரிய இளவரசரின் கார் வழி தவறி ஒரு தெருவில் திரும்பியதையும், சுட்டவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்ததையும் வாத்தியார் வகுப்பில் கதையாகச் சொல்லியிருந்தார். இசக்கி, "டிரைவரின் கவனக்குறைவு" என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டுவிட்டான். வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். முதலில் சிரித்தவரே அவர்தான். "அத்தனை ராஜா, அத்தனை பட்டாளம், அத்தனை பீரங்கி, யார் மேலயும் தப்பில்ல, டிரைவர் மேலதான் தப்பு, இல்லப்பா?" என்று கேட்டு அரை மார்க் போட்டார். இசக்கி எழுந்து நின்று கும்பிட்டான்.

அதற்கடுத்த மாதம் ஒரு நாள் மதியம் அவனை வகுப்பிலிருந்து கூப்பிட்டுப் போனார்கள். அவன் அப்பாவின் வலது கை பிரஸ்ஸுக்குள் போய்விட்டது. கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் இல்லை.

நடந்தது இது. தீபாவளிக்கு முன்பிருந்தே வேலை வேகமாக ஓடவேண்டும் என்று கார்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பெடலின் ஸ்பிரிங் தளர்ந்து, ஒரு தடவை மிதித்தால் மெஷின் சில சமயம் இரண்டு தடவை இறங்கியது. அவர் சூப்பர்வைசரிடம் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருந்தது. அன்றைக்கு ஒரு தகடு சிக்கிக்கொள்ள, எடுப்பதற்குக் கையை விட்டார். இரண்டாவது அடி இறங்கியது.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே கம்பெனியிலிருந்து "மெமோ" வந்தது. விபத்து எப்படி நேர்ந்தது என்று மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். அதைப் பொறுத்துத்தான் வேலை, வேலையைப் பொறுத்துத்தான் லைன் வீடு, வீட்டைப் பொறுத்துத்தான் இசக்கியின் பள்ளிக்கூடம். மூன்று மாதத்தில் பொதுத்தேர்வு. எழுதவேண்டியவருக்கு எழுதும் கை இல்லை. அவன் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். இசக்கியின் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். வகுப்பில் சரித்திரத்தில் முதல் மார்க் வாங்குகிறவன் யார் என்று அவன் யோசித்ததில் தப்பில்லை; அது நான்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். வார்டில் பினாயில் நெடி, அதற்கு மேலும் அவர் உடம்பிலிருந்து அதே மெஷின் எண்ணெய் வாசம். மேஸ்திரி நிறுத்தி வைத்த செங்கல் போலக் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு ஒரே வகைத் தமிழ்தான் எழுத வரும் என்று சொன்னேன் அல்லவா. நெடுநாளைய காரணங்கள் என்று தலைப்புப் போட்டு, கார்டு, ஸ்பிரிங், பத்து நாள் புகார் எல்லாவற்றையும் ஒரு பத்தியாக, அழகாக எழுதினேன். அடுத்து உடனடிக் காரணம் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

இசக்கி, "மெஷின் ரெண்டு அடி அடிச்சதுன்னு போடுல" என்றான்.

அவன் அப்பா கண்ணைத் திறக்காமலே, "கைய வச்சது நாந்தானல. அது அடிக்கதுக்குன்னே செஞ்ச மெஷினு. அதுமேல பழியப் போடச் சொல்லுதியா?" என்றார்.

அவன் அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, உள்ளது உள்ளபடி எழுதிருய்யா. பொய்யின்னு வந்துட்டா வேலையப் பறிச்சுருவாவ" என்றார்.

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. புத்தகத்தில் உடனடிக் காரணம் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்: ஒரு துப்பாக்கிச் சூடு, ஒரு ரொட்டித் தட்டுப்பாடு. பெரிய காரணங்கள் பத்தியில் இருக்கின்றனவே. "சிக்கிய தகட்டை எடுக்க நான் இயந்திரத்தினுள் கையை வைத்ததே உடனடிக் காரணம்" என்று எழுதினேன். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, சிவப்பு மையில், கோணாமல் ஒரு கோடு போட்டேன். அவருடைய இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி ரேகை வைத்தோம். விளைவு என்ற தலைப்பின் கீழ், என்ன எழுதுவது என்று தெரியாமல், "நான்கு விரல்கள்" என்று எழுதினேன்.

இசக்கியும் நானும்தான் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பர்சனல் டிபார்ட்மென்டில் கண்ணாடி போட்ட ஒருவர் வாங்கி, மேலிருந்து கீழாகப் பார்த்து, இன்னொருமுறை கோடு போட்ட இடத்தை மட்டும் பார்த்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கே. யாருப்பா எழுதினது?"

நான்தான் என்றேன். அப்போது எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்க விரும்பவில்லை.

"படிப்பை முடிச்சுட்டு வா. உன்னை மாதிரி ஆளுதான் இங்க வேணும்" என்றார்.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. "தாங்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளபடி" என்று தொடங்கி, என் வாக்கியத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மேற்கோள் காட்டி, கவனக்குறைவால் கம்பெனியின் உற்பத்திக்கு இடையூறு விளைவித்ததற்காக வேலைநீக்கம் என்று முடிந்திருந்தது. பத்தியாக எழுதியது எதுவும் அதில் இல்லை. ஏழு நாளில் லைன் வீட்டுச் சாவியை ஒப்படைக்கவேண்டும்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய காலை நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். இரண்டு சாக்கு மூட்டை, ஒரு ஸ்டவ், ஒரு தகரப்பெட்டி. அவன் அப்பா இடது கையால் டீ குடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். சட்டையில் சிந்தியதைப் பார்த்து, "இதுவும் கவனக்குறைவுதான், எழுதிக்கோ தம்பி" என்றார். அவர் சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பொதுத்தேர்வுக்கு வந்துவிடுவாயா என்று இசக்கியைக் கேட்டேன். வந்துவிடுவதாகச் சொன்னான். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக நோட்டை என் கையில் திணித்தான்.

அவன் வரவில்லை. அவனுடைய ஹால் டிக்கெட் வாத்தியாரின் மேசை டிராயரில் கிடந்தது. நடந்ததை அவரிடம் சொன்னபோது அவர் சாக்பீஸை உருட்டிக்கொண்டே, "பரீட்சைக்கு எழுதறதுக்குத்தானேப்பா சொல்லிக் கொடுத்தேன்" என்றார். பொதுத்தேர்வில் ஒரு புரட்சியின் காரணங்களைக் கேட்டிருந்தார்கள். உடனடிக் காரணத்துக்கு அடியில் கோடு போடாமல் விட்டேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய போராட்டம் அது ஒன்றுதான்.

அந்தக் கண்ணாடிக்காரர் சொன்னது பலித்தது. அதே கம்பெனியில் அல்ல, அது அதற்குள் மூடப்பட்டிருந்தது. வேறொன்றில், பர்சனல் டிபார்ட்மென்டில் சேர்ந்து, முடி நரைத்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். மெமோ, குற்றப்பத்திரிகை, விசாரணை அதிகாரி நியமனம், இரண்டாவது விளக்கம் கேட்டல் என்று எல்லா நடைமுறையும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரிசையாக வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒன்றைக் கற்றுக்கொண்டேன். சிகிச்சையில் இருப்பவர், "குணமடைந்த பின் விளக்கம் அளிக்கிறேன், அவகாசம் தருக" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அதற்குமேல் யாரும் அவசரப்படுத்த முடியாது. தலைப்பு வேண்டாம், கோடு வேண்டாம். விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்கியதற்கே தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்த உத்தரவு ஒரு நாள் நின்றிருக்காது. ஊரிலுள்ள எந்தச் சங்கத்துக்காரரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நாங்கள் சரித்திரத்தில் முதல் மார்க் வாங்கியவனிடம் கேட்டோம்.

எங்கள் விபத்து அறிக்கைப் படிவத்திலும் "உடனடிக் காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. விரல் நீளத்துக்குத்தான் இடம். அதில் அடங்கக்கூடிய சொல் எது என்று உங்களுக்கே தெரியும். அதை நான் எத்தனை தடவை எழுதினேன் என்று எண்ணியதில்லை. எண்ணும் நடைமுறை இல்லை. ஒவ்வொரு தடவையும் அவகாச மனுவைப் பற்றி அடிபட்டவரின் வீட்டாரிடம் ரகசியமாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சில தடவை சொன்னேன். பதவி உயர்வு கிடைத்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. லைன் வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கை உள்ளே போனால் தானாக நிற்கும் மெஷின்கள் வந்துவிட்டன. வராத பட்டறைகளும் பின்தெருக்களில் இருக்கின்றன, அங்கே வேலை செய்கிறவர்கள் பேசும் மொழி ஒடியாவும் இந்தியுமாக மாறியிருக்கிறது. இசக்கி என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. முகவரி தெரியாமல் இல்லை. பள்ளிப் பதிவேட்டிலிருந்து ஊர் முகவரியைக் குறித்து வைத்திருந்தேன். கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் என் கையெழுத்து தாளில் அழகாக விழுவதைப் பார்த்து நிறுத்திவிடுவேன்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. சணல் இற்றுவிட்டது, எண்ணெய் வாசம் போய்ப் பழைய தாளின் வாசம்தான் வருகிறது. பஸ் கிளம்பிய அன்று வீட்டுக்கு வந்து புரட்டியபோதுதான் அவன் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தேன். "ஓசூர்ப் போர்" என்று தலைப்பு. நெடுநாளைய காரணங்களுக்கு நிறைய இடம் விட்டு, ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தான். அதன் கீழே, கோழி கிளறிய எழுத்தில், ஆனால் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டு:

"உடனடிக் காரணம்: நல்ல கையெழுத்து."