சின்னக்குழந்தையின் கோழி இறகு

என் தங்கை சின்னக்குழந்தை வென்றது இவ்வளவு. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள், தேமலையும் படர்தாமரையையும் சிரங்கையும் பிரித்துச் சொல்லக் கற்றாள். வேற்று ஆணிடம் முதுகைக் காட்டாத எங்கள் மலைப் பெண்களைத் தன்னிடம் காட்ட வைத்தாள். ஊர்க் கூட்டம் வரை போகவிருந்த தன் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். கடைசிக் காரியத்துக்குத்தான் ரொம்பப் பாடுபட்டாள். அவள் புருஷன் அர்ச்சுனனுக்குப் பொறாமை வெற்றிலை பாக்கு மாதிரி. அது வாயில் இல்லாத நேரம் கிடையாது.

1977-ஆம் வருஷம் போளூரிலிருந்து பஞ்சாட்சரம் என்ற தொழுநோய்த் தடுப்பு ஊழியர் எங்கள் ஊருக்கு வந்தார். வீடு வீடாகப் போய் எல்லார் தோலையும் பார்ப்பது அவர் வேலை. ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள். பெண்கள் கதவைச் சாத்தினார்கள். உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்ல ஒரு பெண் வேண்டும் என்றார். கூச்சமில்லாமல் பேசுகிறவள் என்று ஊரார் என் தங்கையைக் கை காட்டினார்கள். அஞ்சாவது வரை படித்த அண்ணன் என்னை, எழுதிக்கொள்ளவாவது வா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் எரிந்தது.

முதல் நாள் அவள் எதைப் பார்த்தாலும் "படை" என்றாள்.

"இன்னா படைம்மா? நெறம் இன்னா? தோலுக்கு மேல தடிச்சிருக்கா, சமமா இருக்கா? ஓரம் எப்படி? அரிக்குதா? தொட்டாத் தெரியுதா?" என்று அவர் அடுக்கினார்.

அவள் திரும்ப உள்ளே போய்ப் பார்த்து வந்தாள். "எடது தோள்ல, வெத்தல அகலம். ஓரம் மட்டும் செவந்து தடிச்சிருக்கு, நடுவுல ஆறிப்போச்சு. சொறிஞ்சினே இருக்கா."

"அது படர்தாமரை."

அடுத்த வீட்டில், "நெஞ்சுல வெளுப்பா, சாமத் தவிடு தூவின மாதிரி. நகத்தால சொரண்டினா மாவு உதுருது" என்றாள். அது தேமல். விரல் இடுக்கில் கடுகு கடுகாகப் பொரிந்து, வீட்டில் எல்லாருமே சொறிந்தால் சிரங்கு. வெளுத்தோ செம்பு நிறமாகவோ தட்டையாக இருந்து, அரிக்காமல், தொட்டாலும் தெரியாமல் போனால்தான் கவலை. அதற்குக் கோழி இறகு ஒன்று வைத்துக்கொண்டாள். கண்ணை மூடச் சொல்லி இறகால் தொடுவாள், தொட்ட இடத்தைச் சொல்லச் சொல்வாள்.

ஒருமுறை தப்பும் செய்தாள். ஒரு பெண்ணின் வயிற்றில் வெளுத்த இடத்தில் இறகு தெரியவில்லை என்று ஓடி வந்தாள். விசாரித்தால் அது காமாலைக்குச் சூடு போட்ட தழும்பு. எங்கள் மலையில் சூடு வாங்காத உடம்பு குறைவு. "சூட்டுத் தழும்பு பளபளன்னு சுருங்கியிருக்கும். அதையும் பாத்துச் சொல்லும்மா" என்றார் பஞ்சாட்சரம். அதை அவள் மறக்கவில்லை.

அர்ச்சுனனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. பஞ்சாட்சரம் தண்ணீர் குடித்த சொம்பைப் புளி போட்டு அவனே தேய்த்தான். அவர் வரும் நாளில் காட்டு வேலையை விட்டுவிட்டு மரத்துக்கு மரம் மறைந்து பின்னால் போனான். பக்கத்து வீட்டு மங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னா கொழுந்தனாரே, புளிய மரத்துக்கும் தேமலா? ஒட்டிக்கினு பாக்கறே!"

ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனை நேராக என் களத்துக்குக் கொண்டுவந்தது. சாமை அடித்துக்கொண்டிருந்தோம். என் தங்கையும் முறத்தோடு நின்றாள்.

"மச்சான், பரியம் குடுத்துக் கட்டினவன் நான். அந்தாளுதான் வேணும்னா பரியத்தைத் திருப்பிக் குடுத்துட்டுக் கூட்டினு போவட்டும். நாளைக்கே ஊரக் கூட்டறேன்."

எங்கள் வழக்கத்தில் இது வெறும் பேச்சு இல்லை. பெண்ணுக்குக் கொடுத்த பரியப் பணம் திரும்பினால் கல்யாணம் முறிந்தது. தங்கையே அவனைக் கேட்டாள்.

"நான் இன்னாய்யா தப்பு பண்ணேன்?"

"ஊரு முதுகெல்லாம் பாக்கறியே, எம் முதுக ஒரு நாளாவது பாத்தியா?"

சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி அவள் பக்கம் முதுகைத் திருப்பினான். அவள் சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். முறத்தைக் கீழே வைத்து, கொண்டையிலிருந்து இறகை எடுத்தாள்.

"கண்ண மூடு. தொட்டா 'உம்' சொல்லு."

"உம்... உம்..." என்றவன், இறகு வலது தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் 'உம்' சொல்லவில்லை. அவள் அங்கேயே திரும்பத் திரும்பத் தொட்டாள்.

"இன்னாடி, நிறுத்திட்டியா?"

"தொட்டுக்கினுதான்யா இருக்கேன்."

"அது சூடுடி. சின்னதுல எங்கம்மா போட்டது."

"சூடு வயித்துல மூணு கோடு இருக்கு, எனக்குத் தெரியாதா? இது சுருங்கல. காஞ்சு கெடக்கு. இந்த வெயில்ல முதுகெல்லாம் வேத்திருக்கு, இங்க மட்டும் வேர்வையே இல்ல."

அர்ச்சுனன் களத்திலேயே உட்கார்ந்துவிட்டான். குரல் இறங்கிப் போயிருந்தது. "அப்போ நீ என்ன வுட்டுட்டுப் பூட்டுவியா?"

"போறவ பாக்காமலே போயிருப்பேன். எழுந்து சட்டையப் போடு."

பஞ்சாட்சரம் வந்து பார்த்து அது தொழுநோய்தான் என்றார். ஆரம்பம், மாத்திரையில் தீரும், விரல் எதுவும் மடங்காது, அந்த இடம் மட்டும் மரத்தே இருக்கலாம் என்றார். நாலு வருஷம் மாத்திரை. தினமும் அவள் எடுத்துக் கொடுத்தால்தான் விழுங்குவான். அவள் வேறு ஊருக்குத் தோல் பார்க்கப் போனால் அவனும் கூடவே போவான். இப்போது மரத்துக்குப் பின்னால் இல்லை, பஞ்சாட்சரத்துக்கும் அவளுக்கும் நடுவில்.

நோய் தீர்ந்தது என்று அவனுடைய சிகிச்சை அட்டையை முடிக்கும்போது வீட்டார் ஒருவர் கையெழுத்து வேண்டியிருந்தது. "கைநாட்டு வேணாம்மா. அடுத்த தபா வர்றப்ப நானே எழுதச் சொல்லித் தர்றேன்" என்றார் பஞ்சாட்சரம்.

மறுநாள் விடிந்ததும் அர்ச்சுனன் என் வாசலில் நின்றான். "மச்சான், அவ பேரப் பெருசா எழுதிக் குடு."

"அவரே சொல்லித் தர்றேன்னாராமே?"

"கையப் புடிச்சுச் சொல்லித் தருவாரு. நீ எழுதுய்யா!"

காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் முறத்தில் கேழ்வரகைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினாள். எழுத்துத் தெரியாத அர்ச்சுனன் பக்கத்தில் குந்திக்கொண்டு தாளையும் முறத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இங்க சுழி வுட்டுட்ட" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பஞ்சாட்சரம் வந்த அன்று, அட்டையை வைத்து எழுதப் பலகை தேடினோம். அவர் தன் பையை நீட்டினார். அதற்குள் அர்ச்சுனன் அவள் முன்னால் குனிந்து முதுகைக் கொடுத்தான்.

"பேனா குத்துதா?" என்று கேட்டாள்.

"அந்த எடத்துல மட்டும் தெரியல. நீ எழுது."

அட்டையில் அவள் பெயருக்குக் கீழே இருக்கும் தேதி 12.8.1981.