கை எட்டும் தண்ணீர்

மாடம்பாக்கம் ஏரிக்கு ஞாயிறுதோறும் மீன் பிடிக்க வருவார் அவர். பம்மலில் வெல்டிங் கடை வைத்திருப்பவர். பெயரை நான் கேட்டதில்லை. முன்பல் ஒன்று இருக்காது. பேசிக்கொண்டே படகில் சேரும் தண்ணீரை பிளாஸ்டிக் மக்கால் மொண்டு வெளியே ஊற்றுவார். அவர் படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. முழங்கால் ஆழத்திலும் கோரைக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போகும். உட்கார்ந்தபடியே வலையை இழுக்கலாம். உயரமான என் படகோ கரையோரச் சேற்றில் தட்டி நின்றுவிடும். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கூட வந்த என் மனைவி, “இதுல உக்காந்தே தண்ணியைத் தொடலாம் போலிருக்கே” என்று அவர் படகில் ஏறிக்கொண்டாள். நடு ஏரியில் காற்று கிளம்பி, அலை அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. பயத்தோடும், உள்ளூரக் கொஞ்சம் மகிழ்ச்சியோடும் நான் துடுப்புப் போட்டு அருகில் போனேன்.

“சார் போட்ல ஏறிக்கோங்கக்கா. காத்துன்னா அதான் சேஃப்டி. என்னுதுல மொண்டுகினே இருக்கணும்” என்றார் அவர்.

நனைந்த புடவையோடு என் மனைவி சிரித்தாள். டிபன் பாக்ஸ் மூடியால் தண்ணீரை மொள்ளத் தொடங்கினாள்.

“நீங்க முன்னாடி போங்க. நாங்க வந்துடறோம்” என்றாள் என்னிடம்.

அவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர்தான். இருந்தும் அந்த ‘நாங்க’வுக்காக அவரை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.