கோதாவில் கட்டிய மஞ்சள் காப்பு

விக்கிரமசிங்கபுரத்தில் நிலைத்து நின்ற முதல் கோதா நான் போட்டது. மில் வாசலில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தவன், கையெழுத்தே கோணலாகப் போடுகிறவன், தென்னந்தோப்பில் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கினேன். ஆற்றுமணலையும் செம்மண்ணையும் என் தலையிலேயே சுமந்து கொட்டி, வேப்பெண்ணெய் விட்டு மிதித்து, குஸ்தி போடப் பதமாக்கினேன். மேலே ஓலைக்கூரை போட்டேன். கர்லாக்கட்டை கடைந்து வாங்கினேன். குஸ்தி சொல்லித்தர வரமாட்டேன் என்ற வஸ்தாதை மேலப்பாளையத்துக்கு மூன்று தடவை போய்க் கூட்டி வந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இதே ஊரில் கூடம் வைத்து, ஆள் இல்லாமல் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மகாயுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்த சங்கதி இது.

ஆள் சேர்க்கிற வித்தையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வஸ்தாது நெஞ்சில் உரலை வைத்துக் காட்டினால் ஊரே கூடும். பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாது என்று சோறு தின்னப் போய்விடும். நான் என்ன செய்தேன்? மில்லில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடும் ஒரு நோஞ்சானைப் பிடித்துச் சேர்த்தேன். ஆறு வாரம் கழித்து அவனைச் சட்டையில்லாமல் மில் வாசலுக்கு வரவைத்து, என் பால் அண்டாவைத் தூக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் ஏழு பேர் வந்து நின்றார்கள்.

சேர்ப்பது ஒரு பாடு என்றால் நிறுத்திவைப்பது பெரும்பாடு. விஜயதசமியன்று வெற்றிலை பாக்கோடு வருவார்கள். மூன்றாம் நாள் தண்டால் எடுத்த தோளும் பஸ்கி போட்ட தொடையும் பிடித்துக்கொள்ளும். நாலாம் நாள் வரமாட்டார்கள். அப்புறம் வெட்கத்தில் என் பால்கடைப் பக்கமும் திரும்பமாட்டார்கள். வஸ்தாது கறாராகச் சொல்லிவிட்டார்.

"கார்த்திகை பொறக்குத அன்னைக்குக் காலையில கோதாவுல பத்துத் தலை இல்லன்னா நான் பொட்டியக் கட்டிருவேன் வே. வெறும் மண்ணுக்கு என்னால பாடம் சொல்ல முடியாது."

அவர் போனால் தோப்புக்காரர் கோதாவை மூடித் தென்னம்பிள்ளை வைத்துவிடுவார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவன் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டமாட்டான், விரதத்தை முறிக்கமாட்டான். கோதாவிலும் அப்படிக் கட்டினால் எவன் ஓடுவான்? வஸ்தாதிடம், "இது எங்க ஊரு வழக்கம், ஒரு மண்டலத்துக்கு நீங்கதான் கட்டிவிடணும்" என்றேன். பையன்களிடம், "இது வஸ்தாது கட்டளை" என்றேன். அந்த வருஷ விஜயதசமியன்று மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை அவர் கையாலேயே இருபத்துமூன்று மணிக்கட்டில் கட்டவைத்தேன். நாலாம் நாள் இருபத்துமூன்று பேரும் முனகிக்கொண்டே வந்தார்கள். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

ஐப்பசிக் கடைசி நாள். விடியற்காலையிலிருந்து தூற்றல். கர்லா சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மாள் தலைவிரிகோலமாகக் கோதாவுக்குள்ளேயே வந்துவிட்டாள். முன்வரிசையில் நின்ற ஒருவனுடைய தாய்.

"எங்கண்ணன் அம்பாசமுத்திரத்துல செத்துக் கெடக்கான். தாய்மாமனுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட வரமாட்டேங்கான். என்னலே கயிறு இது? எந்தச் சாமிக்குலே கட்டியிருக்க?"

காப்புக் கட்டினவன் சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. அந்த வழக்கத்தைக் கயிறு திரிக்கும்போது நான் நினைத்தே பார்க்கவில்லை. அவன் தலைகுனிந்து நின்றான். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க ஐயா இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. நாளைக்கு எனக்கும் இதே கதிதானா?" என்றான் ஒருவன்.

வஸ்தாது அந்தப் பையனிடம் கேட்டார்: "மவுத்து வீட்டுக்குப் போவாம இங்கன ஏன் நிக்கே?"

"நீங்க கட்டுன காப்புல்லா, வஸ்தாது."

"நானா? உங்க ஊரு வழக்கம்னுல்லா இவரு சொன்னாரு!"

அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியது. ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்றுதான் முதலில் பார்த்தேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"நாந்தான் வே. சாமியுமில்ல, கட்டளையுமில்ல. நீங்க ஓடிரக்கூடாதுன்னு நானாக் கட்டவச்சேன்."

"அடப் பாவி அண்ணாச்சி! மாட்டுக்குத் தும்பு போட்ட மாதிரில்லா போட்டிருக்கீரு!" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தப் பையன் காப்பை அறுத்து எறிந்தேன். மற்றவர்களும் அறுத்தார்கள். மண்ணெல்லாம் மஞ்சள் துண்டு.

அவனும் தாயும் கிளம்பினார்கள். அவர்கள் பின்னாலேயே போக எனக்குத் தோன்றியது. தோன்றியது எனக்குத்தான், இதை யாரும் மறுக்க முடியாது. "இன்னைக்கு மில்லுக்குப் போவாதவன் எல்லாம் வாங்கலே" என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். வஸ்தாது சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பதினோரு பேர் வந்தார்கள். ஆற்றங்கரைப் பாதை சேறாகிவிட்டதால் பாடை தூக்கத் தோள் போதவில்லை. எங்கள் ஆட்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். திரும்பும்போது வஸ்தாது என்னை விட்டுவிட்டு முன்னாலேயே விறுவிறு என்று நடந்துபோனார்.

மறுநாள் கார்த்திகை ஒன்று. கருக்கலிலேயே போய் உட்கார்ந்தேன். வஸ்தாதின் தகரப்பெட்டி கட்டி வைத்திருந்தது. மூன்று பேர் வந்தார்கள். அப்புறம் வெகுநேரம் யாருமில்லை. வெயில் கூரைமேல் ஏறும்போது இரண்டு இரண்டாக வர ஆரம்பித்தார்கள். எட்டு, ஒன்பது. ஒன்பதிலேயே நின்றுவிட்டது. வஸ்தாது பெட்டிமேல் கை வைத்தார். அப்போதுதான் வேலியோரம், முந்தின நாள் என்னை மாட்டுக்காரன் ஆக்கினவன் இன்னும் நாலு பேரோடு வந்தான்.

"கயிறு இல்லாம வந்திருக்கியே, என்னலே?" என்றேன்.

"வராம இருந்தா, கூட நின்னு பாடை தூக்குன ஆளுக மொகத்துல நாளைக்கு எப்படி முழிக்க? பைய நகரும், தண்டால் எடுக்கணும்."

வஸ்தாது பெட்டியை உள்ளே தூக்கி வைத்தார். துக்கம் கழித்து அந்தப் பையனும் வந்தான். அதற்கப்புறம் கோதா ஆள் ஒருவன் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் மொத்தக் கோதாவும் போய் நிற்க வேண்டும் என்று வழக்கம் வைத்தேன். கயிறு செய்யாததை அது செய்தது. வஸ்தாது சாகும்வரை அந்த மண்ணை விட்டுப் போகவில்லை.

இப்போது ஓலைக்கூரையைப் பிரித்துக் காரைக்கட்டடம் எழுப்புகிறார்கள். வாசலில் பதிக்கக் கல் கொத்துகிறார்களாம். வஸ்தாது பெயர் இருக்கிறதாம், தோப்புக்காரர் பெயர் இருக்கிறதாம். வஸ்தாதின் நல்ல மனசால்தான் ஆள் நின்றது என்று கட்டடக் கமிட்டியில் பேசினார்களாம். அவர் பெரிய மனுஷர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரைக் கொண்டுவந்தது யார்? அம்பாசமுத்திரத்துக்கு முதல் அடி எடுத்து வைத்தது யார்? எனக்கு வயசாகிவிட்டது, கல் நட்டபிறகு திருத்த முடியாது. காப்புக் கட்டவைத்த தப்பையும் சேர்த்தே கொத்துங்கள், எனக்கு வருத்தமில்லை. கோதாவுக்கு ஆள் சேர்த்து நிறுத்திவைத்தவன் என்று என் பெயர் அந்தக் கல்லில் இருக்க வேண்டும்.