மணல் நிறத்தில் நான்கு பறவைகள்

தங்கவேல் இடது கையால் சாப்பிடுவான். கால் கழுவுவது வலது கையால். கோவில்பதாகைச் சேரியில் இது எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில் அவனுக்கு வரிசையின் கடைசியில், ஓர் ஆள் இடம் விட்டு இலை போடுவார்கள். அவன் பிசைவதைப் பார்த்தால் தனக்குச் சோறு இறங்கவில்லை என்று பக்கத்துக் குடிசைப் பொன்னியம்மா ஒருமுறை பந்தியிலேயே சொன்னாள். அவன் நிமிராமல் சாப்பிட்டு முடித்தான்.

பிறவிப் பழக்கமில்லை. இருபத்திரண்டு வயதில், ஜெர்மன் யுத்தத்துக்குக் கூலியாட்கள் படையில் சேர்ந்து மெசபடோமியாவில் இருக்கும் பஸ்ராவுக்குக் கப்பல் ஏறும்வரை மற்றவர்களைப் போலத்தான் இருந்தான். மூட்டை சுமக்கத்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் துரைக்குப் பறவைப் பைத்தியம். மணல்காட்டில் சுற்றிப் பறவைகளைச் சுட்டுக்கொண்டு வருவார். கை நடுங்காத ஓர் ஆள் வேண்டுமென்று தங்கவேலைப் பொறுக்கி எடுத்து, தோல் உரிக்கக் கற்றுக்கொடுத்தார்.

நெஞ்செலும்பிலிருந்து கீழே ஒரு கீறல். சாம்பலைத் தூவிக்கொண்டே சதையிலிருந்து தோலை விலக்க வேண்டும். பிறகு சட்டைக் கையை உருவுவதுபோல் முழுத் தோலையும் உள்வெளியாகத் திருப்ப வேண்டும். மண்டை வந்ததும் கண்களை உள்பக்கமிருந்து பிடுங்கி, பின்மண்டையில் துளையிட்டு மூளையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பாஷாணம் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சு அடைத்து, மறுபடி திருப்பினால் தூங்குகிற பறவை மாதிரி இருக்கும். கால்களைச் சேர்த்துக் கட்டி, அதில் ஒரு சீட்டு. உயிரோடு விழுந்த பறவை என்றால் கத்தி கூடாது, இறகு கெட்டுவிடும். இறக்கைகளுக்குக் கீழே விரல்களை வைத்து நெஞ்சை அழுத்தினால் போதும். நாற்பது எண்ணுவதற்குள் அடங்கிவிடும்.

காலரா வந்தது. பிணங்களைக் கிடத்திய மேஜையும் பறவைகளை உரித்த மேஜையும் ஒன்றுதான். கழுவ நேரமில்லாத நாட்கள் உண்டு. வெளியே ஆட்கள் கக்கிக்கொண்டு கிடந்தார்கள். டாக்டர் துரை ஒரு பறவையின் இறக்கையை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் தங்கவேல் அதே கையால் ரொட்டி தின்றான்.

ஊர் திரும்பிய அன்று அவன் மனைவி வேம்புலியம்மாள் மீன் குழம்பு வைத்திருந்தாள். வலது கையை வாயருகே கொண்டுபோனதும் குடலைப் புரட்டியது. புளி, சீயக்காய், மண்ணெண்ணெய் எதைத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. வேறு யாருக்கும் அது தெரியவுமில்லை. மூளையைச் சுரண்டியது வலது கை. இடது கை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது. அவனாக இப்படி ஒரு நியாயம் செய்துகொண்டான். கங்கையம்மன் கோயிலில் சூடம் அணைத்து, இனிப் பறவை மேல் கத்தி வைப்பதில்லை என்று சத்தியம் செய்தான்.

பதினாறு வருஷம் ஜெயராம நாயகரின் நிலத்தில் வேலை செய்தான். குடிசை நின்றதும் நாயகர் மனையில்தான். சேரி முழுவதும் அவர் மனைதான். அவருக்குக் கோபம் வந்தால் கூரையைப் பிரித்துவிடுவார்கள். கூலி போதவில்லை என்று கேட்ட எத்திராஜின் குடிசை அப்படித்தான் போயிற்று. எத்திராஜின் பெண்டாட்டி மூன்று நாள் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டினாள். அதைப் பார்த்ததிலிருந்து வேம்புலியம்மாளுக்கு ஒரே பேச்சு. நாலு முழ இடமாவது தங்கள் பேரில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பதினாறாம் வருஷத்தோடு இரண்டு வருஷம் மழை இல்லை. மார்கழியில் வெள்ளானூர் ஏரி வெடித்துக் கிடந்தது. வண்டல் வெட்டப்போன தங்கவேல் மண்வெட்டியை ஓங்கியவன் அப்படியே நின்றான். மணல் நிறத்தில் நான்கு பறவைகள். கண்ணிலிருந்து பிடரிவரை ஒரு வெள்ளைக் கோடு, ஒரு கறுப்புக் கோடு. நாலடி ஓடி விறைத்து நின்றன. மறுபடி ஓடின. நின்றால் மண். ஓடினால்தான் பறவை.

வண்டியில் வண்டல் ஏற்றிக்கொண்டிருந்த அய்யாசாமி பார்த்தான்.

"இன்னா நைனா, பேயைப் பாத்தாமாரி நிக்கிறே?"

"இது பஸ்ராவுல கீற பட்சிடா. நம்ம பக்கம் கெடையாது."

"டிக்கெட் எடுத்து உன்னியத் தேடிக்கினு வந்துகீது போல."

அய்யாசாமி சிரித்துவிட்டு அன்று மாலையே நாயகரிடம் சொன்னான். எதையும் நாயகரிடம் சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

நாயகருக்கு அது சாதாரணச் செய்தி இல்லை. பட்டணத்திலிருந்து ஒரு துரை வருஷா வருஷம் அந்த ஏரிக்கு வாத்து சுட வருவார். இந்தப் பக்கம் காணாத பறவைகளைப் பற்றிப் புஸ்தகங்களில் எழுதுகிறவர். போன வருஷம் பூந்தமல்லி மிராசுதார் ஒருவர் ஏதோ ஓர் அபூர்வ வாத்தை அவருக்கு அனுப்பினார். இரண்டே மாதத்தில் அந்த மிராசுதார் கௌரவ மாஜிஸ்திரேட் ஆகிவிட்டார். நாயகரால் அதைச் செரிக்க முடியவில்லை.

தங்கவேலை மாட்டுக் கொட்டகைக்கு வரச்சொன்னார்.

"நான் சுடறேன். நீ உரிச்சி, துரைங்க வெக்கிறாமாரி பாடம் பண்ணிக் குடு."

"அந்த வேலைய வுட்டுட்டேன் ஆண்டே. சூடம் அணைச்சிகீறேன்."

"சூடத்தை எந்தக் கையால அணைச்சே? அதுவும் பீச்சாங்கையா?"

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாயகர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "உன் ஊடு கீற எடத்தை உன் பேருக்கே எழுதித் தரேன். மாட்டேன்னா, தை பொறக்கறதுக்குள்ள அங்க உன் ஊடு இருக்காது."

வேம்புலியம்மாள் அன்று அவனுக்குச் சோறு போடும்போது அவன் வலது கையை முகர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் நாறல. ஒரே ஒரு பட்சி. கண்ண மூடிக்கினு செஞ்சிடுய்யா," என்றாள்.

நாயகர் மறுநாள் காலையில் ஒன்றைச் சுட்டார். மற்ற மூன்றும் பறந்து ஏரியின் மறுகரையில் இறங்கின. தன் கையாலேயே பறவையைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னா அழகுடா," என்றார். பிறகு தங்கவேலின் மடியில் போட்டார். உடல் இன்னும் சூடாக இருந்தது.

பதினாறு வருஷத்துக்குப் பிறகும் விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை. அதுதான் அவனுக்கு அதிக அருவருப்பைத் தந்தது. அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, கத்தி தானாக வழி கண்டுபிடித்தது. மண்டையைச் சுரண்டும்போது ஒரு துளி இடது உள்ளங்கையில் விழுந்தது. நாயகர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசிவரை பார்த்தார். உரித்த உடலை அய்யாசாமி கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சுள்ளி மூட்டி, உப்பும் மிளகாயும் தடவிச் சுட்டு, கொட்டகைக்குப் பின்னாலேயே தின்றான்.

"எலும்புதான் மாமே. ஆனா பஸ்ரா ருசி," என்று விரலைச் சப்பினான்.

தங்கவேல் மாட்டுத்தொட்டி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அன்றிலிருந்து இடது கையும் நாறியது. ஒரு மரக்கரண்டியைச் செதுக்கி, அதைக்கொண்டு சாப்பிட்டான். கரண்டியும் நாறத் தொடங்கியதும் பட்டினி கிடந்தான். இடத்தை எழுதிய காகிதம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வேம்புலியம்மாள் சொன்னாள்.

தோலைப் பட்டணத்துக்கு அனுப்பிப் பதினைந்து நாள் கழித்துத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. தங்கவேலையும் அய்யாசாமியையும் எதிரில் நிறுத்திக்கொண்டு, தபால்காரர் தமிழில் சொல்லச் சொல்ல, நாயகரின் முகம் இருண்டது. அனுப்பிய தோல் நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது. யுத்தத்தின்போது மெசபடோமியாவில் டாக்டர்கள் பாடம் செய்த முறை அப்படியே இருக்கிறது. விசாரித்ததில் உம்முடைய ஆள் அங்கே இருந்தவன் என்று தெரிகிறது. அங்கே இது சாதாரணப் பறவை. அங்கிருந்து திருடிக்கொண்டு வந்த பழைய தோலை உம்மிடம் தள்ளியிருக்கிறான். உம்மைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

"நீங்கதானே சுட்டீங்க ஆண்டே?" என்றான் தங்கவேல்.

"சுட்டேன். நான் சுட்டது ஆள்காட்டிக் குருவி. நீ மாத்திட்டே."

"உங்க கையால தூக்கிப் பாத்து, அழகுன்னு சொன்னீங்களே. மத்த மூணும் இன்னும் மறுகரையிலதான் கீது."

"துரை பொய் சொல்றாருன்றியா?"

தங்கவேல் அய்யாசாமியைப் பார்த்தான். "நீ துன்னியேடா. சொல்லு."

"நான் துன்னது ஆள்காட்டிதான். பஸ்ரா கிஸ்ரான்னு சொம்மா தமாசுக்குச் சொன்னேன்," என்று அய்யாசாமி கீழே பார்த்தான்.

நாயகர் முகத்தில் வெட்கத்தின் அடையாளம் இல்லை. பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே அவர் அதை நம்பிவிட்டிருந்தார். தங்கவேல் அப்படி ஒரு முகத்தை பஸ்ராவில்கூடப் பார்த்ததில்லை.

"மறுகரையில மூணு கீதுன்றியே. ஒண்ணை உயிரோட புடிச்சிக்கினு வா. நானே கூண்டுல வெச்சிப் பட்டணம் எடுத்துக்கினு போறேன். உன் பேச்சு நெசம்னா எடம் உனுக்கு. இல்லாங்காட்டி பொழுது சாயறதுக்குள்ள ஆளுங்க கூரை மேல ஏறுவானுங்க."

வேம்புலியம்மாள் கோழிக்கூடையை எடுத்துக் கொடுத்தாள். வெறும் வயிற்றோடு போகிறான் என்று கஞ்சியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

குதிரைவால் மயிரில் கண்ணி கட்டவும் டாக்டர் துரைதான் கற்றுக்கொடுத்திருந்தார். பறவைகள் ஓடும் தடத்தில் பத்துக் கண்ணிகளைப் பதித்து, வெகுதூரம் சுற்றிப்போய் எதிர்ப்பக்கத்திலிருந்து மெதுவாக நடந்துவந்தான். அவை அவனுக்கு முன்னால் ஓடின, நின்றன, ஓடின. ஒன்றின் கால் மாட்டியது.

கண்ணியை அவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எடை என்று எதுவும் இல்லை. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது. கூடையைக் காலால் இழுத்து வைத்துக்கொண்டு குனிந்தான். அப்போதுதான் கவனித்தான். அவனுடைய கட்டைவிரலும் நடுவிரலும் இறக்கைகளுக்குக் கீழே போய், அந்த இடத்தில் சரியாக உட்கார்ந்து, அழுத்தத் தொடங்கியிருந்தன. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு.

கையை உதறினான். பறவை மண்ணில் விழுந்தது. சற்று நேரம் வாயைத் திறந்தபடி கிடந்துவிட்டு எழுந்து ஓடியது. இன்னும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. இடமும் கூரையும் நான்கடி தூரத்தில் விறைத்து நின்றுகொண்டு அவனைப் பார்த்தன.

மண்கட்டியை எடுத்து எறிந்தான். இன்னொன்றை எறிந்தான். கத்திக்கொண்டே துரத்தினான். மூன்றும் எழும்பின. இறக்கையின் அடிப்புறக் கறுப்பு ஒருமுறை தெரிந்தது. ஆவடி ரயில் பாதையைத் தாண்டிப் போயின. அவை கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அவன் எறிந்துகொண்டிருந்தான்.

வேம்புலியம்மாள் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"மாட்லியா?"

"மாட்டிச்சி. வுட்டுட்டேன்."

"வுட்டுட்டியா? அது இன்னா, உன் கூடப் பொறந்ததா? அது மேல உனுக்கு அவ்ளோ பாசமா?"

"பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாறுதுமே."

அவள் சட்டிகளை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் ஓசைப்பட வைத்தாள். அவன் கூரை மேல் ஏறி, கீற்றுகளைத் தானே பிரித்துக் கீழே போட்டான். நாயகரின் ஆட்கள் வந்தபோது பாதிக் கூரை இறங்கியிருந்தது. அவர்களோடு அய்யாசாமியும் வந்திருந்தான். செய்வதற்கு வேலையில்லாமல் நின்று பார்த்தார்கள்.

தங்கவேல் இறங்கினான். நான்கு நாளாக அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வேம்புலியம்மாள் கஞ்சிச் சட்டியை அவன் முன்னால் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவன் இரண்டு கைகளையும் பார்த்தான். அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டியிட்டான். சட்டிக்குள் முகத்தைக் கவிழ்த்து, மாடு மாதிரி உறிஞ்சினான்.

அய்யாசாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு காறித் துப்பினான்.